காயல் காணும்

மட்டாஞ்சேரி,
14-10-1979

அன்பு மகள் லதீஃபாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதப் பேனா நகரவில்லை.

நீ சொன்னபடியே உன் உம்மா அறையின் கிழக்குச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தாயிற்று. முதல் நாள் வர்கீஸ் மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்து, இவிடம் பொளிச்சால் காயல் காணும் இக்கா என்றார். கட்டிலில் உம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கவாதம் வந்தபின் அவளுக்கு மலையாளம் போய்விட்டதல்லவா. இங்கே உடைத்தால் காயல் தெரியும் என்றுதான் அவர் சொன்னது. நம் பேச்சில் காணும் என்றால் காணாமல் போனது. எங்கே போச்சு, நேத்துகூட கப்பல் சங்கு ஊதுன சத்தம் கேட்டுச்சே என்று ஒரே கேள்வி. மேஸ்திரிக்கு விளங்கியதும் சிரித்துவிட்டார். உம்மா, காயலினு காலுண்டோ ஓடிப்போகான் என்றார். உம்மாவும் சிரித்தாள். வாய் ஒரு பக்கம்தான் போயிற்று. ஆனாலும் சிரிப்பு.

கட்டில் உயரத்துக்கே ஜன்னல். படுத்தபடி பார்க்கலாம். வஞ்சிப் படகுகள், எதிர்த்தீவில் கப்பல், தண்ணீரில் வெயில். கழுத்தைத் தானாகவே திருப்பினாள். ஒன்பது நாள்.

பத்தாம் நாள் ஜன்னலுக்கும் காயலுக்கும் நடுவே பின்மனையில் கல் இறங்கியது. சுக்கு வியாபாரி சங்கரலிங்கம் மூட்டை அடுக்கக் கிட்டங்கி கட்டுகிறார். போய்ச் சொன்னேன். பாய், உங்க சன்னலுக்காவ என் சுக்கை மழையில நனைய விடச் சொல்லுதீங்களா என்றார். அவர் இடம். திரும்பி வந்தேன். கட்டுவதும் வர்கீஸ் மேஸ்திரிதான். சாரத்தில் நின்றுகொண்டு நம் பக்கம் திரும்புவதில்லை. நேற்று மட்டும் இறங்கி வந்து, ஜன்னலை அடைச்சு தரட்டே இக்கா என்று மெதுவாகக் கேட்டார். தூசி வருகிறது. வேண்டாம் என்று உம்மா கையசைத்தாள். இப்போது கைநீட்டினால் சுவர். மேலே ஒரு முழம் வானம், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள் போய்விடும்.

காயல் நல்லா தெரியுதுன்னு எழுதுங்க, புள்ள ஆசையா சொன்னது என்கிறாள். உன்னிடம் பொய் எழுத என்னால் முடியவில்லை. அவளிடம் அப்படியே எழுதினேன் என்று சொல்லிவிடுவேன். நீ பதில் போடும்போது, ஜன்னல் வழியாக இன்று எத்தனை வஞ்சி போயிற்று என்று உம்மாவைக் கேட்டு எழுது. மறந்துவிடாதே. நான் வாசித்துக் காட்ட வேண்டும்.

வெயிலில் அலையாதே. அல்லாஹ் உங்கள் இருவரையும் காப்பானாக.

உன் வாப்பா,
மொய்து