துணிக்கொடி முடிச்சு

கொட்டகலை
புதன்கிழமை

அன்பு மகள் வினோதாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் ஆடு இரண்டும் சுகம், அங்கு நீயும் தோலுரிந்த உன் உள்ளங்கையும் சுகமா என்று அறிய ஆசை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போன் மரத்திலிருந்து விழுந்துவிட்டது, ஹட்டனில் ரிப்பேர் கடையில் கிடக்கிறது. நான் விழவில்லை. இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் அம்மா யாருடைய போனிலாவது பேசி முந்திக்கொண்டால் அதில் பாதியை நம்பாதே, நடந்தது இதுதான்.

முப்பது வருடமாகத் தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சபுக்கு மரங்களில் ஏறிக் கிளை வெட்டுகிறவன் நான். என் பிள்ளை மரம் ஏறக் கூடாது என்றுதான் பேராதனைக்குப் படிக்க அனுப்பினேன், நீ பட்டமும் வாங்கிக்கொண்டு நியூசிலாந்துக் காட்டுக்குப் போய் என் மரத்தைவிடப் பெரிய மரத்தில் ஏறி விதை பறிக்கிறாய். வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா கேட்டால் மகள் பெரிய ஆபீசர் என்று சொல்லி வைத்திருக்கிறேன், எத்தனை அடி உயரத்தில் என்று சொல்லவில்லை. ஆனால் தைப்பொங்கலுக்கு வந்தபோது நம் லயத்து வீட்டுக்குப் பின்னாலுள்ள மரத்திலிருந்து கயிற்றில் இறங்கிக் காட்டினாயே, அன்று எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. ஈரக் கயிற்றில் சறுக்கிக் கை உரிந்ததை நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள் என்று அம்மா ஒரே பிடி. நனைந்த கயிறு என்ன செய்யும் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது, அதனால்தான் ஏறினேன்.

நீ விட்டுப்போன கயிற்றை அம்மா மறுநாளே துணிக்கொடியாகக் கட்டிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை மழை தூறும்போது அதை அவிழ்த்தெடுத்தேன். ஒரு நுனியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு அவள் போட்ட முடிச்சு. மரம் ஏறுகிறவன் கயிற்றில் முடிச்சு கிடந்தால் நாலு பேர் சிரிப்பார்கள், இதை அவிழ் என்றேன். உலையில் அரிசி கிடக்கிறது, நீங்களே அவிழ்த்துக்கொள்ளுங்கள் என்று போய்விட்டாள். பல்லால் இழுத்துப் பார்த்தேன், ஈரத்தில் இறுகி அசையவில்லை. போகட்டும் என்று ஏறி, உச்சியில் மற்ற நுனியைக் கட்டி, முடிச்சோடு கயிற்றைக் கீழே விட்டேன், பனிமூட்டத்தில் அது எதுவரை போனது என்று தெரியவில்லை. நீ சொல்லித்தந்தபடி சின்னக் கயிற்றை அதில் மூன்று சுற்றுப் போட்டு இடுப்புப் பட்டியில் மாட்டி இறங்கினேன். முதலில் நகரவே இல்லை. சுற்றைக் கொஞ்சம் தளர்த்தினேன், பிறகு நிற்கவே இல்லை. கையால் பிடித்தேன், தோல் போனது, சட்டைப்பையிலிருந்து போனும் போனது, கடைசியில் அந்த முடிச்சில் வந்து டக்கென்று நின்றேன். தரை இன்னும் இரண்டு ஆள் உயரம் கீழே இருந்தது. கயிற்றில் ஒரு துண்டை வெட்டி உன் அம்மா ஆட்டைக் கட்டியிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. முடிச்சு இல்லாவிட்டால் நுனியைத் தாண்டிப் போய் நேரே மழைத்தண்ணீர் ஓடும் கல்லுக் கானில் விழுந்திருப்பேன்.

பக்கத்து வீட்டு ராசம்மா மழையில் யார் துணி காயப்போட்டது என்று நினைத்தாளாம். என்னோடு மரம் வெட்டுகிற ஜீவராஜ் கோயில் ஏணியைக் கொண்டுவர ஓடினான். அது வரும்வரை அம்மா குடையோடு கீழே நின்றாள். அண்ணாந்து பார்த்து, "அந்த முடிச்ச அவுக்கச் சொன்னீங்களே, இப்ப அவுத்து விடவா?" என்றாள். கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

தாயி, வேலையை விடு என்று நான் எழுத மாட்டேன், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். மழையில் ஏறாமல் இருக்க முடிந்தால் ஏறாதே. கயிறு நனைந்துவிட்டால் ஒரு சுற்று கூடப் போடு, கையுறை போடு, முழுப் பாரத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காதே, நாலடிக்கு ஒரு தடவை நின்று நின்று இறங்கு, நுனி தரையைத் தொடுகிறதா என்று கண்ணால் பார். இதெல்லாம் எனக்கே நீ சொல்லித்தந்ததுதான். ஆனால் நுனியில் முடிச்சுப் போடுகிறாயா என்று மட்டும் நான் உன்னிடம் கேட்கவே இல்லை. நான் இறங்கும்போது கீழே ஜீவராஜ் நிற்பான், உனக்குக் கீழே வந்து நிற்க எங்களால் முடியாது.

நம் முடிச்சை இனி யாரும் அவிழ்க்கக் கூடாது என்று அம்மா உத்தரவு, இப்போது அந்தக் கயிற்றில் மறுபடி என் சட்டை காய்கிறது. மாரியம்மன் உன்னைக் காப்பாள், முடிச்சை மட்டும் நீதான் போட வேண்டும். எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு என்றைக்கும் உண்டு. போன் வெள்ளிக்கிழமை கிடைக்கும். ஒவ்வொரு நாளும் ஏறுவதற்கு முன் ஒரு படம் எடுத்து அனுப்பு. முகத்தை அம்மாவுக்கு அனுப்பு. எனக்கு அந்த முடிச்சு போதும்.

இப்படிக்கு,
கை ஆறிவரும் உன் அப்பா
சிவசாமி