ஷெட்டுக்கும் சேர்த்து ஓர் அலாரம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கொல்லையில் இருக்கும் என் ரிப்பேர் ஷெட்டைத் திறக்கப் போனேன். திறந்தே கிடந்தது. பூட்டு மண்ணில். பழுது பார்த்து, எண்ணெய் விட்டு, துணி போர்த்தி வைத்திருந்த தையல் மெஷின்கள் இரண்டையும் காணோம். இரண்டுமே தையல் டீச்சருடையவை.

போனில் சொன்னபோது அவர் திட்டியிருந்தால் தேவலை. "விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். அது இன்னும் சுட்டது. என் சொந்த மெஷின்களைக் கொண்டுபோய் அவர் வகுப்பில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 5, புதன்

வீட்டில் திருட்டு அலாரம் இருக்கிறது. முன்கதவு, பின்கதவு, கூடம் எல்லாம் அதன் காவலில். உள்ளே திருட என்ன இருக்கிறது? ஒரு பழைய டிவி. பிழைப்பு முழுக்க இருக்கும் ஷெட்டுக்கு ஒற்றைப் பூட்டு. இத்தனை நாள் எனக்கும்தான் அது உறைக்கவில்லை.

இவர் சொல்கிறார்: "பேசாம ஷெட்டை மூடிடு. வீட்டுக்குள்ளயே ஒண்ணு ரெண்டு பாத்துக்க."

ஒண்ணு ரெண்டாம்!

மார்ச் 7, வெள்ளி

அலாரம் கம்பெனி ஆள் வந்து பார்த்தார். "ஒயர் இல்லாத மாடல் வேண்டாங்க. தகரக் கூரை, கனமான சுவர், சிக்னல் நிக்காது. ஒயர் இழுத்தா நல்லா இருக்கும். ஆனா மண்ணு தோண்டுற வேலை நாங்க எடுக்கறதில்ல."

"ஒயரை நானே இழுத்தா?"

அவர் சிரிக்கவில்லை. "மோட்டாரெல்லாம் கழட்டி மாட்டறீங்க. இது என்ன பெரிசு?" மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலாரப் பேனலைத் திறந்து, காலியாக இருந்த ஐந்தாவது இணைப்பைக் காட்டினார். ஷெட்டை மட்டும் தனியாகக் காவலில் போடலாமாம். பேனலைத் திறக்கும்முன் அழுத்த வேண்டிய சர்வீஸ் நம்பரையும் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 9, ஞாயிறு

தோண்டினேன். பின்கதவிலிருந்து ஷெட் வரை, சுவரோரமாக, முழங்கை ஆழத்துக்கு. இவர் ஜன்னலில் நின்று, "தண்ணிக் குழாயை உடைச்சு வைக்காதே" என்றார். உடைக்கவில்லை. பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒயரை விட்டு மண்ணை மூடினேன். கையெல்லாம் கொப்புளம். ஆனாலும் சிரிப்பு வருகிறது.

மார்ச் 10, திங்கள்

சர்வீஸ் நம்பரைப் போடாமல் பேனல் மூடியைக் கழற்றிவிட்டேன். கத்திற்று பார்! தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"திருடனா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"இல்லக்கா, நான்தான்."

மார்ச் 11, செவ்வாய்

கதவில் காந்தச் சுவிட்ச். மூலையில், ஆள் அசைந்தால் கண்டுகொள்ளும் சென்சார். கதவைத் திறந்தால் கத்துகிறது, நம்பர் போட்டால் அடங்குகிறது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ம்" என்றார்.

ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. யாராவது ஒயரில் கைவைத்தால் பேனலுக்குக் காட்டிக்கொடுக்க, ஒயரின் கடைசியில் மாட்ட வேண்டிய சின்ன ரெசிஸ்டரை, கைக்கு எட்டுகிறதே என்று பேனலுக்குள்ளேயே மாட்டியிருந்தேன். சரிதானா? ஷெட் பக்கம் போய், இரண்டு ஒயர்களையும் ஒரு தையல் ஊசியால் இணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். அலாரம் மூச்சு விடவில்லை! ஓர் ஊசி போதும், என் அலாரம் ஊமை.

ரெசிஸ்டரைக் கழற்றிக் கொண்டுபோய் ஷெட்டின் கோடியில், சுவிட்சோடு சேர்த்து மாட்டினேன். மறுபடி ஊசி. அலறியது பேனல்.

இது யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானே பிடித்தது. இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவேன்?

மார்ச் 14, வெள்ளி

மத்தியானம் அலாரம் அடித்தது. ஓடிப் பார்த்தால் யாரும் இல்லை. இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிய மனுஷர் பதறி எழுந்துவிட்டார்.

மார்ச் 15, சனி

மறுபடியும். அதே வெயில் நேரத்தில்.

"ஊரே சிரிக்குது. இன்னொரு தடவை கத்தட்டும், நானே புடுங்கிப் போட்டுடறேன்."

புடுங்குவாராமே. புடுங்கட்டும், பார்க்கலாம். நான் என்ன விளையாட்டுக்கா தோண்டினேன்? தூக்கம் போனா கோவம் வரும்தான் — தெரியுது. ஆனா எனக்கு மட்டும் தூக்கம் வருதா என்ன?

மார்ச் 16, ஞாயிறு

உச்சி வெயிலில் அலாரத்தை நிறுத்திவிட்டு, ஷெட்டுக்குள் ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்தேன். சென்சாருக்கு நேர் எதிரே ஜன்னல். வெயில் ஏற ஏறத் தகரம் காய்ந்தது. ஆணியில் தொங்கிய துணி அனல் காற்றில் ஆடியது. சென்சாரின் சிவப்பு விளக்கு சிமிட்டியது. நீதானா அது!

துணியை எடுத்தேன். சென்சாரை ஜன்னலுக்கு முதுகு காட்டும்படி எதிர் மூலைக்கு மாற்றினேன்.

மார்ச் 21, வெள்ளி

சத்தமில்லை. இவரும் நன்றாகத் தூங்குகிறார்.

மார்ச் 27, வியாழன்

மெஷின் பெல்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். இவரிடமிருந்து போன். "உடனே வா. பயப்படாதே, ஒண்ணும் போகல." ஒண்ணும் போகலன்னா எதுக்கு உடனே வரணும்? பெல்ட்டைக்கூட வாங்காமல் ஓடி வந்தேன்.

ஷெட் கதவு நெம்பித் திறக்கப்பட்டுக் கிடந்தது. கீழே ஓர் இரும்புக் கம்பி. உள்ளே மெஷின்கள் அத்தனையும் வைத்தது வைத்தபடி.

"மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சேன்னு திட்டிக்கிட்டே நிறுத்தத்தான் போனேன்" என்றார் இவர். "சமையலறை ஜன்னல்ல பாத்தா ஒருத்தன் சுவரேறிக் குதிச்சு ஓடறான்." கீழே கிடந்த கம்பியை எடுத்து ஓரமாக வைத்தார். "நல்லவேளை, நான் புடுங்கல."

பக்கத்து வீட்டு அக்கா தெருவில் நின்ற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "கம்பெனிக்காரன் போட்டதில்ல, அவளே போட்டது." நான் கேட்காத மாதிரி நின்றேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஒரு சொல் விடாமல்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் போனில் பேசியபடியே ஷெட்டுக்கு வந்தார். மறுமுனையில் கடை வைத்திருக்கும் கொழுந்தன்.

"கம்பெனிக்கெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்டா. முதல்ல உங்க அண்ணிகிட்ட கேளு. அவ வேலையா இருக்கா, இரு." போனை என்னிடம் நீட்டினார்.

"அண்ணி, கடைக்குப் பின்னாடி சரக்கு வைக்கிற ஷெட் ஒண்ணு இருக்குல்ல..."

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

"கதவு மரமா, இரும்பா?" என்று கேட்டேன்.