ஐம்பத்தைந்து அங்குல மாப்பிள்ளை

2025 ஜனவரி 7, செவ்வாய்

காலையில் கடையில் இரண்டு கீலும் ஒரு திண்டுக்கல் பூட்டும் விற்றேன். உலகம் அமைதியாக இருந்தது. பத்தரை மணிக்கு கமர் ஜஹான் அக்காவின் போன் வந்தது. அதோடு அமைதி முடிந்தது.

"டேய் கியாசு, நம்ம ஜெஸிமாவுக்குக் காட்டூர்லேருந்து ஒரு இடம் வந்திருக்குடா. பையன் பேரு ஆரிஃப். தோஹாவுல லிஃப்ட் ரிப்பேர் பாக்குறாராம். பெருநாளைக்கு அப்புறந்தான் லீவு. அத்தா அம்மா மட்டும் நேர்ல வர்றாங்க, பையன் வீடியோ கால்ல வருவாராம்."

வீடியோ கால்! என் ரத்தம் கொதித்தது. போன வருஷம் இன்னொரு இடம் இப்படித்தான் வந்தது. ஒரு போனைப் பதினோரு பேர் கை மாற்றி கை மாற்றிப் பார்த்தோம். மைமூன் பெரியம்மாவின் கைக்கு வந்தபோது, அவர் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "பையனுக்கு ரொம்ப வயசாயிருச்சே" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கட்டத்தில் தெரிந்தது பெரியம்மாவேதான். அந்த இடம் அத்தோடு போயிற்று.

அக்கா மகளின் வாழ்க்கை உள்ளங்கை அகலத்தில் முடிவாவதா? "அக்கா, இந்த மாப்பிள்ளையை உன் வீட்டு டிவியில காட்டுறேன். ஐம்பத்தஞ்சு இஞ்சு. மூக்குல இருக்கிற மச்சத்தைப் பக்கத்துத் தெருவுலேருந்து எண்ணலாம்" என்றேன்.

"மச்சம் இருக்காமா?" என்றாள் அக்கா.

ஜனவரி 9, வியாழன்

போனையும் டிவியையும் இணைக்கும் வயர் வாங்கி வந்தேன். நான் முப்பது வருஷமாகக் கதவையும் நிலையையும் இணைத்து வாழ்பவன். இணைக்க முடியாத இரண்டு பொருள் பூமியில் உண்டா? உண்டு. வயர் டிவிக்குள் போனது, போனுக்குள்ளும் போனது, படம் மட்டும் வரவில்லை. என் போனில் வயர் வழியாகப் படம் வெளியே போகிற வசதி இல்லையாம். வாங்கும்போது இதைக் கடைக்காரர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஷாஜியா, "ஏங்க, துணி காயப்போடக் கொடி இல்லாம இருந்துச்சு" என்று அதை வாங்கிக்கொண்டாள். முப்பது வருஷமாக என் கண்டுபிடிப்புகளைக் கொடியாக மாற்றி வருகிறாள் இந்த மனைவி.

ஜனவரி 11, சனி

வயரில்லாமலே அனுப்பலாம் என்று தெரிந்தது. போனில் ஒரு பொத்தானைத் தொட்டால் அக்கம்பக்கத்து டிவிகளின் பெயரெல்லாம் வருகிறது. அதில் ஒன்றைத் தொட்டால் போனில் தெரிவது அப்படியே டிவிக்குப் போய்விடும். அக்கா வீட்டுக் கூடத்தில் நின்று, அல்லாஹ்வின் பேரைச் சொல்லித் தொட்டேன். டிவியில் ஒன்றும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அலறல்.

பக்கத்து வீட்டு அழகம்மாள் ஓடி வந்தார். "ஏங்க பாய், சீரியல்ல அவ மயங்கி விழுறா, நடுவுல தாழ்ப்பாள் தாழ்ப்பாளா வருது!"

அக்காவும் அழகம்மாளும் ஒரே கடையில் ஒரே தீபாவளித் தள்ளுபடியில் ஒரே டிவி வாங்கியவர்கள். இரண்டுக்கும் ஒரே பெயர். என் கடைச் சரக்கின் படங்கள் அவர் வீட்டில் ஓடியிருக்கின்றன.

"அவளை யாராச்சும் தாங்கிப் புடிச்சாங்களா இல்லையான்னே தெரியாமப் போச்சு" என்று வெகுநேரம் வருத்தப்பட்டார்.

ஜனவரி 13, திங்கள்

அழகம்மாளின் டிவிக்கு வேறு பெயர் வைத்துக் கொடுத்தேன். ஒரு பித்தளைத் தாழ்ப்பாளும் கொடுத்தேன், இலவசமாக. படத்தில் பார்த்ததிலிருந்தே கண் வைத்திருக்கிறார்.

ஜனவரி 19, ஞாயிறு

ஒத்திகை. வெற்றி! என் முகம் ஐம்பத்தைந்து அங்குலத்தில் எழுந்தது. மீசை மட்டும் காவிரிப் பாலம் நீளம் இருந்தது. ராஜகோபுரமே எழுந்து வந்து பக்கத்தில் நின்றாலும் மக்கள் என்னைத்தான் பார்த்திருப்பார்கள். அக்கா பார்த்த உடனே சொன்னது: "மொதல்ல காது முடியை வெட்டு."

இரண்டு கீல், ஒரு பலகை கொண்டு போனுக்கு ஒரு தாங்கி செய்தேன். அதை டிவிக்குக் கீழே வைத்துவிட்டால் எல்லோரும் டிவியைப் பார்ப்பார்கள், போன் எல்லோரையும் பார்க்கும். இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டு பூட்டு விற்கிறேனே என்று எனக்கே பரிதாபமாக இருந்தது.

ஜெஸிமா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, நல்லாருக்கு. ஆனா அன்னிக்கு நீங்க கொஞ்சம் கம்மியா பேசுங்க."

"நான் எங்கம்மா பேசுறேன்?"

"அதான்."

ஜனவரி 22, புதன்

வந்தவர்கள் முன்னால் நம் வீட்டார் கிசுகிசுப்பதும், கண்ணைக் காட்டுவதும், இருமுவதும் மகா கேவலம். போன தடவை அக்கா வீட்டுக்காரர் ஆசாத் மச்சான் 'வேண்டாம்' என்று கண்ணைக் காட்டியதை அக்கா 'டீ கொண்டு வா' என்று எடுத்துக்கொண்டு மூன்று முறை டீ கொண்டு வந்தாள்.

ஆகவே என் இரண்டாவது கண்டுபிடிப்பு. வாட்ஸப்பில் ஒரு ரகசியக் குழு. அக்கா, மச்சான், ஷாஜியா, ஜெஸிமா, நான். பெயர்: கறி விருந்து. வெள்ளிக்கிழமை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. என்ன தோன்றினாலும் துப்பட்டாவுக்குள், மடிக்குள் போனை வைத்துக் குழுவில் டைப் அடிக்க வேண்டியது. வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"டேய் கியாசு, உனக்கும் மூளை இருக்குடா" என்றாள் அக்கா. ஐம்பத்தாறு வருஷத்தில் முதல் முறை.

ஜனவரி 24, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஜும்ஆ முடிந்து நாலரைக்கு வந்தார்கள். பையனின் அத்தா பரக்கத் அலி, அம்மா பஸீலா. ஸலாம், வடை, டீ. எல்லாம் பிரமாதம். ஆரிஃப் டிவியில் வந்தார். நல்ல பிள்ளை, சிரித்த முகம். நான் டிவிக்குப் பக்கத்தில் சபையைப் பார்த்தபடி நின்றேன். ஏன் அப்படி நின்றேன்? கைதட்டலை நேரில் வாங்கிக்கொள்ளத்தான். வேறென்ன.

என் பக்கத்து ஆட்கள் எல்லோரும் பயபக்தியோடு தலையைக் குனிந்திருந்தார்கள். ஜெஸிமா மட்டும் நிமிர்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் இருவரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகா, மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். பஸீலா அம்மா கையிலிருந்த வடையை மெதுவாகத் தட்டில் திருப்பி வைத்தார். மயக்கம் முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது பரக்கத் அலி, கடைப் பலகையைப் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்:

"எல்லாரும்... நிறுத்துங்க. எல்லாம்... டிவில... தெரியுது."

திரும்பினேன். யா அல்லாஹ்.

போனில் என்ன தெரிகிறதோ அதெல்லாம் டிவியில் தெரியும். அதைத்தானே பதினைந்து நாளாக நானே எல்லோருக்கும் விளக்கினேன்! குழுவில் விழுந்த ஒவ்வொரு வரியும் ஆரிஃபின் நெற்றிக்கு மேலே வந்து தொங்கிவிட்டுப் போயிருக்கிறது. ஒத்திகையில் யாரும் மெசேஜ் அனுப்பவில்லை, அதனால் தெரியவில்லை.

அக்கா: அம்மாக்காரி வடையை எண்ணி எண்ணிப் பாக்குது.
மச்சான்: பையன் சிரிச்சுக்கிட்டே இருக்கானே, எதையோ மறைக்கிறான்.
ஷாஜியா: முகம் பரவாயில்ல. முன்னாடி முடிதான் லீவுல போயிருக்கு.

கடைசியாக நம்மை எச்சரிக்க ஜெஸிமா அனுப்பியது. அதைத்தான் அவர் சத்தமாகப் படித்தார்.

பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். நின்றது மின்விசிறி. இன்னொன்றை அணைத்தேன். டிவி செத்தது. போன் தாங்கியிலிருந்து தரையில் குப்புற விழுந்தது. அதற்குள்ளிருந்து ஆரிஃபின் குரல் மட்டும், "ஹலோ, அத்தா? இருட்டா இருக்கு. கரண்ட் போச்சா?"

"வர்றோங்க" என்று பஸீலா அம்மா எழுந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாசலில் அவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் போனை எடுத்தேன். ஜெஸிமாவின் இன்னொரு மெசேஜ் வந்து கிடந்தது. டிவி அணைந்த பிறகு வந்தது.

"எனக்கு அவரைப் புடிச்சிருக்கு. கெடுத்துராதீங்க."

மூன்று வசவையும் தெருவுக்கே காட்டினேன். இந்த ஒரு வரியை மட்டும் அணைத்தேன்.

ஜனவரி 25, சனி

காட்டூரிலிருந்து போன் இல்லை. அக்கா என்னிடம் பேசவில்லை. ஷாஜியா தன்னிடமே பேசவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

போன் இல்லை. மச்சான் கூப்பிட்டுப் பார்த்தாராம், எடுக்கவில்லையாம். கடையில் ஒருவர் நல்ல கீல் கேட்டார். "கீலை நம்பாதீங்க" என்று அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஜெஸிமா கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து பூட்டுகளைத் திறந்து திறந்து மூடினாள்.

"நான் கோவமா இல்ல மாமா."

"கோவப்படும்மா. எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

சிரித்தாள். பிறகு, "எத்தனையோ பேர் வந்து பாத்துட்டுப் போனாங்க. எல்லாரும் என்ன படிச்சிருக்கே, சமைப்பியான்னு கேட்டாங்க. இவர் அன்னிக்கு, 'உங்களுக்கு உயரம்னா பயமா'ன்னு கேட்டாரு. யாருக்குமே காதுல விழல. எல்லாரும் டைப் அடிச்சுக்கிட்டிருந்தீங்க" என்றாள்.

எனக்கும்தான் விழவில்லை. நான் டைப்கூட அடிக்கவில்லை. என்னையே நான் ரசிச்சுக்கிட்டு நின்னேன் - சே, என்ன மனுஷன்டா நீ கியாசுதீன்?

"நான் காட்டூர் போறேன். நீ எழுதினதைக் காட்டட்டுமா? நீ வேணாம்னா வேணாம்."

கையிலிருந்த பூட்டை மூடி வைத்தாள். "காட்டுங்க. மத்ததையும் அழிக்காதீங்க. அவங்க படிச்சதுதானே? என்னோடதையும் சேத்துப் படிக்கட்டும்."

பிப்ரவரி 7, வெள்ளி

ஜும்ஆ முடித்து, பாலக்கரையில் டவுன் பஸ் ஏறினேன். படையெடுத்துப் போகும் மன்னர்களுக்கு ஜன்னல் சீட் கிடைத்திருக்குமா தெரியாது, எனக்குக் கிடைத்தது. கையில் அல்வா. நெஞ்சுக்குள் நூறு நகரா முரசு.

கதவைத் திறந்தவர் பஸீலா அம்மா. "வாங்க. டிவி கொண்டாரலையா?"

எல்லாவற்றையும் சொன்னேன். குழு என் யோசனை, டிவி என் யோசனை, வீட்டுப் பெண்களைத் திட்டாதீர்கள் என்றேன். போனை நீட்டினேன். அவர் தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"எழுத்து எறும்பாட்டம் இருக்கு. எங்க டிவியில போடுங்களேன். அதுலதானே உங்களுக்குக் கை தேர்ந்திருக்கு."

போட்டேன். அவசரத்தில் விரலை இழுத்ததில் அது முதல் மெசேஜிலிருந்து தொடங்கியது. பரக்கத் அலி தன் கடமையைக் கைவிடவில்லை. வடை, மறைக்கிறான், முடி லீவு, எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்தி உரக்கப் படித்தார். நான் சோபாவுக்குள் ஒளிய இடம் தேடினேன். கடைசி வரிக்கு வந்தார்.

"எனக்கு... அவரைப்... புடிச்சிருக்கு."

நிறுத்திவிட்டார். மீதியைப் படிக்கவில்லை.

"இத எப்ப எழுதுச்சு அந்தப் புள்ள?" என்றார் பஸீலா அம்மா.

"நீங்க செருப்பு தேடிக்கிட்டிருந்தப்ப."

அவர் உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்தார். "இதையும் போடுங்க."

பார்த்தால், அவர்களும் ஒரு குழு வைத்திருக்கிறார்கள்! அத்தா, அம்மா, ஆரிஃப். அதே வெள்ளிக்கிழமை, அதே சாயங்காலம்.

பரக்கத் அலி: டிவிகிட்ட நிக்கிறவர் யாரு, சர்க்கஸ் முதலாளியா?
பஸீலா: வடை நல்லா இருக்கு. மூணாவது எடுத்தா என்ன நினைப்பாங்களோ.

பரக்கத் அலி தன்னுடையதைப் படிக்கும்போது மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அதற்குக் கீழே, மறுநாள் ஆரிஃப் எழுதியது: "முடி போனது உண்மைதானே அம்மா, அதுக்கா கோவம்? அந்தப் பொண்ணு ஒருத்திதான் என்னைய நிமிர்ந்து பாத்துச்சு. அந்தப் பொண்ணுக்குப் புடிச்சிருக்கான்னு மட்டும் கேளுங்க. இல்லைன்னா விட்டுருங்க."

"பதிமூணு நாளா கேக்கச் சொல்றான்" என்றார் பஸீலா அம்மா. "உங்க வீட்டு லட்சணத்தை அம்மாம் பெருசாப் பாத்த பிறகு எந்த வாயால கேக்குறது?"

நான் அழவில்லை. அல்வாவில் நெய் அதிகம், கண்ணில் பட்டுவிட்டது.

பிப்ரவரி 8, சனி

அக்கா என்னிடம் பேசினாள். "சாப்டியாடா?" அவ்வளவுதான். மூன்று தட்டு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நிக்காஹ். ஆரிஃப் நேரில் இன்னும் நல்ல பிள்ளை. சர்க்கஸ் முதலாளி என்ற பேர் காட்டூர் தாண்டி துவாக்குடி வரை பரவியிருக்கிறது. பந்தியில் சின்னப் பிள்ளைகள் சிங்கம் எங்கே என்று கேட்டார்கள். ஷாஜியாவைக் காட்டினேன்.

ஜூலை 11, வெள்ளி

ஜெஸிமா தோஹா போய் மூன்று வாரம். இன்று மதியம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய கால் வந்தது. ஆரிஃப் பதினாறாவது மாடியில் வேலை பார்க்கும் கட்டடத்தை ஜன்னல் வழியாகக் காட்டினாள். அக்கா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"டேய் கியாசு, அவளைப் பெருசாப் போடுடா."

போட்டேன். ஜெஸிமா கூடம் முழுக்க வந்தாள். அக்கா கிட்டே போய் நின்றாள். கன்னத்துப் பக்கம் தூசி இருந்தது போல, துப்பட்டா முனையால் டிவியை மெல்லத் துடைத்தாள்.

"இளைச்சுட்ட" என்றாள்.

"இல்லம்மா, நல்லா சாப்பிடுறேன்" என்றாள் ஜெஸிமா.

அக்கா துடைத்துக்கொண்டேயிருந்தாள்.