ஆறாவது எபிசோடை என்னிடம் மறைத்த விவகாரம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, மாப்பிள்ளை, பேத்தி குட்டி எல்லோரும் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை, மூன்று வாரமாக அதே கேள்வியை மனசுக்குள் கேட்டுக் கேட்டு நான் பட்ட பாடு போதும். இந்தக் கடிதத்தை உன் அக்காவிடம் கொடுத்து அனுப்பச் சொல்லவில்லை, நானே கூரியர் ஆபீசுக்குப் போய் என் கையால் ஒட்டிக் கொடுக்கப் போகிறேன். ஏன் என்று உனக்கே தெரியும். தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம், உன் நடிப்பை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்.

நீ நடிக்கிற அந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து ஒன்றுவிடாமல் பார்த்தேன். அது முதலில் வீடியோ கேமாக வந்து பிறகுதான் தொடரானது, அந்த கேமை ஆடாதவர்களே கிடையாது என்று குட்டி சொன்னாள், இதோ நான் ஒருத்தி இருக்கிறேனே என்றேன். சுரங்கத்துக்குள் கூட்டமாகப் போகிறார்கள், முன்னால் விளக்கைத் தூக்கிக்கொண்டு நீ போகிறாய், உன்னை விளக்குக்காரன் என்று கூப்பிடுகிறார்கள், அதுவரை புரிந்தது, எதற்காகப் போகிறார்கள் என்பது ஐந்து எபிசோட் முடிந்தும் புரியவில்லை. உன் சட்டையில் இடது தோள்பட்டைத் தையல் இழுத்துக்கொண்டு நிற்கிறது, எங்கள் சட்டைக் கம்பெனியில் என் செக்கிங் மேஜைக்கு வந்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன். கம்பெனியில் பேக்கிங் பிரிவுப் பெண்கள் எல்லாம் அந்த கேம் ஆடுகிறவர்கள், திங்கட்கிழமை காலையில் பேச்சு முழுக்க நீதான். கேமில் விளக்குக்காரன் இதைவிட உயரம் என்பாள் ஒருத்தி, தாடி இல்லாதவன் என்ன விளக்குக்காரன் என்பாள் இன்னொருத்தி, சிரிப்பு மட்டும் அச்சு அசல் அதேதான் என்பாள் மூன்றாமவள். நான் காதில் விழாத மாதிரி சட்டையில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வேன். உயரம் குறைவு என்று சொன்னவளை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

ஐந்தாவது எபிசோட் முடிந்து, அடுத்தது பெரிய எபிசோட், மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமைதான் என்று அறிவித்தார்கள் அல்லவா, அந்தத் திங்கட்கிழமையிலிருந்து பிடித்தது சனி. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு கப்பென்று நின்றுவிட்டது. உயரம் குறைவு என்றவள் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். அந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன், கேட்டால்கூட டீ வராது. பட்டன் ஓட்டை போடுகிற காஜா மிஷினில் உட்கார்ந்திருப்பாளே என் சிநேகிதி, ஒரு நாளும் நல்ல வார்த்தை சொல்லாதவள், அவள் சாப்பாட்டு நேரத்தில் என் தோளைத் தடவிக் கொடுத்தாள். அதுகூடப் பரவாயில்லை, மேனேஜர் என் மேஜைக்கே வந்து, லீவு ஏதாவது வேணும்னா தயங்காம எடுத்துக்கோங்கம்மா, அந்த வெள்ளிக்கிழமை வேணும்னாலும் சரி என்றார். அந்த மனுஷர் கடைசியாக என்னை லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னது, உன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது. அப்போதும் இப்படித்தான் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, எனக்குத்தான் கடைசியில் சொன்னீர்கள். நான் தாங்க மாட்டேன் என்று நீயும் உன் அக்காவும் சேர்ந்து முடிவு பண்ணினீர்கள். மறக்கிற விஷயமா அது?

வீட்டுக்கு வந்தால் அங்கே அதைவிட மோசம். மாடியில் உன் அக்கா வீட்டுக்குப் போகிறேன், மாப்பிள்ளை காபி டம்ளர் கழுவிக்கொண்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கைக்கும் சோப்புக்கும் சம்பந்தமே இருந்ததில்லை. குட்டி என்னைப் பார்த்ததும் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டாள். இரண்டு நாள் கழித்து என் வீட்டு டிவி வேலை செய்யவில்லை, மெக்கானிக் வரணும்மா, அவர் ஊர்ல இல்ல, வர ரெண்டு மூணு வாரம் ஆகும் என்று உன் அக்கா கூசாமல் சொன்னாள். அவள் போனதும் டிவியைத் திருப்பிப் பார்த்தேன், பின்னால் இருக்கிற ஒயரை உருவி, அழகாகச் சுருட்டி, குட்டி தலையில் கட்டுகிற பச்சை ரப்பர் பேண்டைப் போட்டு வைத்திருந்தார்கள். திருடுவதற்கும் ஒரு கெட்டிக்காரத்தனம் வேண்டும். நான் ஒன்றும் கேட்கவில்லை, ஒயரையும் மாட்டவில்லை. எதுவரைக்கும் போகிறார்கள் என்று பார்க்கலாம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

நீயாவது ஒழுங்காக இருந்தாயா? நான் போன் பண்ணினால் ஷூட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன் என்பாய். குரல் வேறு கட்டியிருந்தது. அப்புறம் என்பது வரவே வராது, ஒரு மஞ்சள் மூஞ்சிச் சிரிப்பு பொம்மை மட்டும் வரும். எனக்கு முதலில் வேலை போய்விட்டதோ என்றுதான் சந்தேகம். பிறகு எங்களுக்குச் சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டாயோ என்று தோன்றியது, அதற்காகக் கொஞ்சம் சந்தோஷப்படக்கூடச் செய்தேன். ஆனால் கல்யாணத்துக்கு மேனேஜர் எதற்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு லீவு தர வேண்டும்? அப்படி யோசித்து யோசித்து ஒரே இடத்தில் போய் நின்றது மனசு. உனக்கு ஏதோ பெரிய நோய், எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தெரியக் கூடாது. உன் சின்ன வயசு ஊசி போட்ட அட்டையை எடுத்து ரத்தம் என்ன வகை என்று பார்த்துக் குறித்து வைத்தேன், எனக்கும் அதே வகைதான். டிராவல்ஸ் ஆபீசுக்குப் போய் நீ இருக்கிற நாட்டுக்கு வர என்னென்ன காகிதம் வேண்டும் என்றுகூட விசாரித்துவிட்டேன். அந்தப் பெண் எத்தனை நாள் தங்குவீங்க என்று கேட்டாள், வெளியே வந்து ஓரமாக நின்று அழுதேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது உன் அக்கா உள்ளே சொல்வது காதில் விழுந்தது, அம்மா தாங்க மாட்டாங்க, நாளைக்கு ஒரு நாள் சமாளிச்சுட்டா போதும் என்று. ஒட்டுக் கேட்கவில்லை, கதவு திறந்திருந்தது. நான் அப்படியே திரும்பி இறங்கி நேராகத் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். நம் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் அவருக்குத் தெரியாமல் இருக்காது, அதோடு ஒரு வாரமாக அவரும் தம்பி நல்லாயிருக்காரா என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். என் பையனுக்கு என்ன வியாதி, எத்தனை நாள் சொல்லியிருக்காங்க, மறைக்காம சொல்லுங்க என்று கேட்டேன். அவர் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே போட்டுவிட்டார். ஐயோ, வியாதியா, யாரும்மா சொன்னது, தம்பி உடம்புக்கு ஒண்ணுமே இல்ல, நாளைக்கு ஆறாவது எபிசோட்ல செத்துடுவாரு, அவ்வளவுதான் என்றார். அவ்வளவுதானாம்! ரத்த அழுத்தம் பார்க்கிற ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன், அவரும் விடாமல் பார்த்தார், அது எங்கேயோ ஏறி நின்றது.

பிறகுதான் எல்லாம் சொன்னார். கேம் வந்து ஒன்பது வருஷமாகிறதாம், விளக்குக்காரன் வெள்ளத்தைத் தடுக்கிற தண்ணீர்க் கதவைத் தனியாளாகத் தாங்கிப் பிடித்து மற்றவர்களை அனுப்பிவிட்டுச் செத்துப்போவது ஆடின அத்தனை பேருக்கும் தெரியுமாம், அம்மாவுக்குத் தெரியாதே, பெத்த மனசு எப்படிப் பார்க்கும் என்றுதான் கம்பெனியிலும் தெருவிலும் ஆளுக்கு ஆள் தவித்துக்கொண்டிருந்தார்களாம். நாற்பத்தைந்து வயசு மனுஷர், கண் கலங்கி நிற்கிறார். பதினேழு தடவ காப்பாத்தப் பாத்தேம்மா என்றார். விளக்குக்காரனை வெளியிலேயே விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாராம், வேறு வழியாக அழைத்துப் போனாராம், கதவுப் பக்கமே போகாமல் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தாராம், எப்படி ஆடினாலும் அந்த இடத்தில் போய்ச் செத்துத் தொலைக்கிறான் என்றார். எனக்கு அவர் மேலேயே கொஞ்சம் சந்தேகம் வந்தது, இவர் கொடுக்கிற மாத்திரையையா இத்தனை வருஷம் சாப்பிடுகிறோம் என்று. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது நினைத்துக்கொண்டேன், முன்பின் தெரியாத எத்தனை பேர் என் பிள்ளை வேஷம் போட்ட ஒருத்தனைக் காப்பாற்றப் போராடியிருக்கிறார்கள் என்று.

அன்றைக்கே உன் அக்காவை உட்கார வைத்துப் பிடித்தேன். பச்சை ரப்பர் பேண்டை மேஜை மேல் வைத்ததும் எல்லாவற்றையும் கக்கிவிட்டாள். நீதான் போன் பண்ணி, அம்மா அத மட்டும் பாக்க வேண்டாம்க்கா, அந்தப் பள்ளிக்கூட நாடகம் ஞாபகம் இருக்குல்ல என்றாயாம். ஞாபகம் இல்லாமல் என்ன. பன்னிரண்டு வயசில் அம்பு பட்டு மேடையில் விழுந்தாய், கண் இமைகூட அசையவில்லை, மூச்சே இல்லை. நான் மேடை ஏறி உன்னைப் பிடித்து உலுக்கினேன், ஹாலே சிரித்தது, ஒரு மாசம் நீ என்னோடு சேர்ந்து ரோட்டில் நடக்கவில்லை. அதற்காக இத்தனை வயசுக்கு அப்புறமும் டிவிக்குள் ஏறிவிடுவேன் என்று பயந்தாயா?

வெள்ளிக்கிழமை உன் அக்கா வீட்டில்தான் பார்த்தேன். மருந்துக்கடைக்காரர் சீக்கிரமே கடையை மூடிவிட்டு வந்திருந்தார், காஜாக்காரி ஒரு துண்டோடு வந்திருந்தாள், மாப்பிள்ளை தண்ணீர்ச் சொம்போடு நின்றார், உன் அக்கா ஜெயில் வார்டன் மாதிரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் டிவியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்கள். நீ கதவைத் தாங்கினாய், ஓடுங்க என்றாய், விழுந்தாய், விளக்கு உருண்டு போனது. மருந்துக்கடைக்காரர் விக்கி விக்கி அழுதார், கொண்டுவந்த துண்டைக் காஜாக்காரி தனக்கே வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. நான் உன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுரங்கத்திலிருந்து எல்லோரும் ஓடிப்போன பிறகும் உன்னையே காட்டிக்கொண்டிருந்தார்களே, அப்போது மேலிருந்து மூன்றாவது பட்டன் மெல்ல எழும்பி அடங்கியது. மறுபடியும் எழும்பியது. குட்டியிடம் ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன், பாட்டி வேணாம் பாட்டி என்று அவள் அழுகிறாள், எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பதினோரு தடவை பார்த்தேன். மூன்று மூச்சு விட்டிருக்கிறாய்.

மறுநாள் பார்த்தால் அது என் கண்ணுக்கு மட்டும் பட்டதில்லை. ஜனங்கள் எழுதியதைக் குட்டி எனக்கு வாசித்துக் காட்டினாள், சிலதை முழுங்கினாள், நான் விடாமல் எல்லாவற்றையும் வாசிக்க வைத்தேன். பிணம் மூச்சு விடுது, இவனை எவன் நடிக்கக் கூப்பிட்டது, ஒன்பது வருஷம் காத்திருந்த சாவை ஒரு தொப்பையால கெடுத்துட்டான் என்று என்னென்னவோ. சட்டையில் சிவப்பாக வட்டம் போட்டு அம்புக்குறி வேறு. மருந்துக்கடைக்காரர் பேர் மாற்றிக்கொண்டு அவர்களோடு மல்லுக்கு நிற்கிறாராம். வெள்ளிக்கிழமையிலிருந்து நீ எனக்குச் சிரிப்பு பொம்மைகூட அனுப்பவில்லை, அவமானத்தில் சுருண்டு கிடக்கிறாய் என்று எனக்குத் தெரியும். தொப்பை என்று எழுதினவன் மட்டும் என் கையில் கிடைத்தால் இருக்கிறது. ஆனால் குட்டி கடைசியாக ஒன்று சொன்னாள், தொடர் எடுத்த கம்பெனிக்காரர்கள் அந்த மூச்சைக் கம்ப்யூட்டரில் அடக்கி, திருத்தி மறுபடி போடப் போகிறார்களாம். அதைக் கேட்டதும்தான் பேனாவை எடுத்தேன்.

எனக்கு இப்போது ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பன்னிரண்டு வயசிலேயே பெற்றவளை ஏமாற்றுகிற அளவுக்குக் கிடக்கத் தெரிந்தவன், இத்தனை வருஷம் இதே தொழிலாக இருக்கிறவன், மூன்று மூச்சை அடக்கத் தெரியாமலா போனான்? அக்கா மறைத்தாலும் நான் எப்படியும் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். அசதியில் விட்டதும்மா என்பாய், நான் நம்ப மாட்டேன். நிஜமாகவே அசதிதான் என்றால் அதைச் சொல்லாதே, இந்த ஒன்றை மட்டும் மறைத்துக்கொள். மற்றபடி நேரத்துக்குச் சாப்பிடு, ஜனங்கள் எழுதுவதைப் படுக்கையில் கிடந்து படித்துக்கொண்டிருக்காதே, குரல் கட்டினால் வெந்நீர் குடி. நீ தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இது கிடைத்ததும் டைரக்டரிடம் போய், அதைத் தொட வேண்டாம் என்று அம்மா சொன்னதாகச் சொல், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். அந்த மூச்சையும் எடுத்துவிட்டால் அங்கே நீ செத்துக் கிடப்பாயடா, அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அன்பும் ஆசியுமாக,
உன் அம்மா