பூச்சி வராத சமையலறை

ஜூன் 3, செவ்வாய்

தங்கை மகள் பூச்சிக்கு மறுபடியும் மூச்சு இரைப்பு. அவள் பள்ளிக்கூடமும் போச்சு, என் வேலையும் போச்சு. பாதி நாள் டாக்டரிடம் கழிந்தது. "வீட்டுக்குள்ள கரப்பானுக்கு மருந்து ஏதாவது அடிச்சீங்களா?" என்று கேட்டார். சமையலறையில் ஒரே ஒரு கரப்பானைப் பார்த்துவிட்டு அரை டப்பா ஸ்ப்ரேயைக் காலி செய்த வீரன் நான்தான். தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஸ்ப்ரேயும் ஆகாது, கரப்பானும் ஆகாது. அதோட கழிவு தூசியா காத்துல கலந்தாலும் இந்தப் பிள்ளைக்கு இரைக்கும்" என்றார். இது என்ன வம்பு? அடித்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து.

சாயங்காலம் தங்கை போனில் ஒரே அழுகை. இவள் பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தாள் என்று பூச்சி என்று கூப்பிட ஆரம்பித்தவளே அவள்தான். நிஜப் பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும். தங்கைக்கு நர்ஸ் வேலை கிடைத்து வெளியூர் போயிருக்கிறாள். வேலை நிரந்தரமாகும்வரை ஹாஸ்டல்தான், பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் மகளை என்னிடம் விட்டிருக்கிறாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலைய விட்டுட்டு வந்துடுவேன்ணா."

வந்துவிடுவாள். சொன்னால் செய்கிற ஜென்மம். அந்தப் படிப்புக்கும் வேலைக்கும் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். விட மாட்டேன். மருந்து இல்லாமல் விரட்ட வேண்டும், அவ்வளவுதானே? அந்தரத்தில் நின்றுபோன லிஃப்டை எல்லாம் இறக்குகிறவனுக்கு இந்த மீசைக்காரனை இறக்கத் தெரியாதா?

ஜூன் 5, வியாழன்

நான் வேலை முடிந்து வரும்வரை பூச்சியைப் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காதான் பார்த்துக்கொள்கிறார். யோசனைக்குப் பஞ்சமே இல்லாதவர். "அலமாரியில பிரிஞ்சி இலை போட்டு வையுங்க தம்பி. அந்த வாசத்துக்கு ஒண்ணு நிக்காது."

போட்டேன். கையோடு நாலு கிராம்பும் போட்டேன். அலமாரி கமகமவென்று இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

பிரிஞ்சி இலை மேலேயே ஒன்று உட்கார்ந்து மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. பாய் விரித்துக் கொடுத்திருக்கிறேன் போல.

ஜூன் 8, ஞாயிறு

லிஃப்ட் பழுது பார்க்கும்போது சத்தம் கேட்கிற இடத்தில் தேடிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். சத்தம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இதை வீட்டில் ஏன் செய்யவில்லை? வாசத்தை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்!

சமையலறையை மொத்தமாகக் காலி செய்தேன். தொட்டிக்கு அடியில், சுவருக்குள் குழாய் நுழைகிற இடத்தில், விரல் போகிற அளவுக்குச் சந்து. பூச்சி டார்ச் பிடித்தாள். நான் தரையில் படுத்து அதற்குள் எட்டிப் பார்த்தால், அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது.

"யாரது?" சுவருக்குள்ளிருந்து குரல்.

"நான்தான்க்கா. பக்கத்து வீடு."

அக்காவின் சமையலறை! விசாரித்தால், அவர் வாரா வாரம் ஸ்ப்ரே அடிக்கிறாராம். அவர் அடிக்க அடிக்க, அங்கிருந்ததெல்லாம் சந்து வழியாக இங்கே குடிவந்திருக்கிறது. "அடக் கடவுளே! எல்லாம் ஒழிஞ்சு போச்சுன்னு நான் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேனே" என்றார். இனிமேல் அடிக்க மாட்டேன் என்று பூச்சியின் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

சந்தில் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசினேன். தரைச் சாக்கடை வாய்க்குப் பொடிக்கண் வலை.

"மாமா, அதுங்க இனிமே எங்க போகும்?" என்று கேட்டாள்.

"சாக்கடையில சொந்த வீடு இருக்கு. வாடகை கிடையாது."

நம்பிவிட்டாள்.

ஜூன் 11, புதன்

சாப்பாட்டுச் சோடாவும் சர்க்கரையும் சரிசமமாகக் கலந்து, பிள்ளை கை போகாத மூலைகளில் வைத்தாயிற்று. கண்ணில் படுவதற்குச் சோப்புத் தண்ணீர். பாட்டிலால் இரண்டு பீச்சு பீச்சினால் மல்லாந்துவிடுகிறது. இதற்கா காசு கொடுத்து விஷம் வாங்கினேன்? படுக்கும் முன் தொட்டியை ஈரம் இல்லாமல் துடைக்கிறேன். குடிக்கத் தண்ணீர் கிடைக்காவிட்டால் கரப்பானுக்கு நம் வீடு ருசிக்காது.

சமையலறை முடிந்தது, மற்ற அறைகள் பாக்கி. அதுவரை சமையலறைக் கதவு சாத்தியே இருக்க வேண்டும். அக்கா பால் காய்ச்ச வந்தால் திறந்துபோட்டுவிட்டுப் போய்விடுகிறார். வாயால் சொன்னால் ஏறவில்லை. பழுதான லிஃப்டில் ஒட்டுகிற மாதிரி, தடித்த பேனாவில் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டேன்: "பூச்சி உள்ளே வரக் கூடாது. கதவைச் சாத்தவும்."

ஜூன் 14, சனி

இன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒன்றுகூட!

ஜூன் 17, செவ்வாய்

பூச்சி சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறாள். தட்டைக் கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறாள். நேற்று எறும்புச் சாரையைத் துடைத்த வினிகர் வாடை பிடிக்கவில்லையோ? வெறும் தண்ணீரால் எல்லாவற்றையும் மறுபடி துடைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

வாடை இல்லை. வேறு என்னவோ.

நான் சமைக்கும்போது மேடை மேல் ஏறி உட்கார்ந்து ஓயாமல் தொணதொணப்பவள், இன்று கதவுக்கு வெளியிலேயே நின்று "தண்ணி வேணும் மாமா" என்றாள். கால் விரல்கூட உள்ளே வரவில்லை. "வாடி, வந்து எடுத்துக்கோ" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். நெஞ்சில் இரைப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. முகம் மட்டும் சுண்டிப் போயிருக்கிறது.

ஜூன் 21, சனி

தங்கை போன் பண்ணினா. "அம்மாகிட்ட வரேன்னு அழறா. என்னண்ணா சொன்ன அவள?"

நான் என்ன சொன்னேன்? திட்டினேனா? அடிச்சேனா? கையைக் காலை மடக்கி மூலை மூலையா நான் நக்காத குறையா துடைச்சது யாருக்காகவாம்? கத்திட்டேன். அவளும் கத்தினா. லீவு கேட்டிருக்காளாம். வந்து பிள்ளைய கூட்டிட்டுப் போறாளாம், வேலை கிடக்கட்டுமாம்.

கரப்பானை ஜெயிச்சு என்ன புண்ணியம்? இவ ஏன் இப்படி இருக்கா? கேட்டுடணும். நாளைக்கே.

ஜூன் 22, ஞாயிறு

கேட்டேன். பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் உள்ள வர மாட்டேங்கறே என்று கேட்டேன். கையைப் பிடித்துச் சமையலறைக் கதவுவரை கூட்டிப் போனேன். அங்கே நின்றுவிட்டாள். விரலை நீட்டி, தாளின் முதல் எழுத்தைத் தொட்டாள்.

"பூ... ச்... சி."

ஒன்றாம் வகுப்பு. இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறாள்.

"உள்... ளே... வர..."

அதற்கு மேல் படிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அடப்பாவி! இத்தனை நாளா இதைப் படிச்சுட்டா வெளியில நின்னா? தன்னோட பேரை, அதுவும் மாமா கையெழுத்துல? தாளைக் கிழித்தேன். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன், அது நீ இல்லடி, கரப்பான், எறும்பு, அந்தப் பயலுக. "அப்போ ஏன் என் பேரைப் போட்டே?" என்று கேட்டாள்.

"தப்புதான்" என்றேன். "நீயே சரியா எழுதிக் குடு."

நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள்: "கறப்பான் உள்ளே வரக் கூடாது." மாடு கறக்கிறவர் யாரும் எங்கள் சமையலறைக்குள் இனி வர முடியாது. திருத்தவில்லை, அப்படியே ஒட்டினேன்.

சாப்பாடு மேடை மேல்தான்.

ஜூன் 23, திங்கள்

தங்கையிடம் சொன்னேன். சிரித்தாள். ஆனாலும் வருகிறாளாம். லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று, நேரில் பார்த்தால்தான் மனசு ஆறும் என்கிறாள். பார்க்கட்டும். எனக்கு இன்னும் இரண்டு அறை பாக்கி.

ஜூலை 2, புதன்

கட்டில் அடி, மரச் சட்டச் சந்து, குளியலறைக் குழாய் ஓட்டை, எல்லாம் அடைத்தாயிற்று. டாக்டர் பூச்சியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றார். ஒரு சத்தமும் இல்லையாம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் வந்தது.

ஜூலை 6, ஞாயிறு

தங்கை வந்தாள். கையில் பெரிய அட்டைப்பெட்டி, மகளுக்குப் பொம்மையும் துணியும். கதவைத் திறந்தது பூச்சி. ஓடிப் போய்க் கட்டிக்கொள்வாள் என்று பார்த்தால், இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா, பெட்டிய வெளியவே பிரி. மடிப்புல கரப்பான் முட்டை ஒட்டிட்டு வரும். எங்க வீட்டுல அட்டைப்பெட்டி உள்ள கொண்டு வர மாட்டோம்."

தங்கை பெட்டியைக் கீழே வைத்தாள். மகளைப் பார்த்தாள், பிறகு என்னை.

"எங்க வீடாம்" என்றாள். சிரித்தாளா அழுதாளா, இரண்டும்தான்.

அதற்குப் பிறகுதான் கட்டிக்கொண்டது. மூன்று பேரும் வெளி நடையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தோம். பூச்சி ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துப் பார்த்து ஒவ்வொன்றாக உள்ளே அனுமதித்தாள்.

திரும்பிப் போக இரண்டு டிக்கெட் எடுத்திருந்தாளாம். சாப்பிட்டு முடித்ததும் தங்கை போனை என்னிடம் நீட்டி, ஒன்றை ரத்து செய்யச் சொன்னாள்.