வாசலில் நின்ற சாரட்டு

ரங்கூனில் இருக்கும் என் அத்தானுக்கு,

முந்தின நாலு கடிதங்களுக்குப் பதில் கேட்டு இதை எழுதவில்லை. நீங்கள் முன்பு ஓட்டிய அரண்மனைச் சாரட்டு வண்டி, நேற்று கவர்னர் துரையை ஏற்றிக்கொண்டு, மூன்று வருஷத்துக்குப் பிறகு நம் தெருவுக்கு வந்தது. நம் வாசலுக்கு நேரே வந்ததும் வெள்ளைக்குதிரை நின்றுவிட்டது. ஊரே பார்க்கிறது, அது அசையவில்லை.

புது வண்டிக்காரர் சவுக்கை ஓங்கினார். "அடிக்காதீக! அது கொள்ளுக்கு நிக்குது" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அப்போதெல்லாம் தினமும் இங்கே நிறுத்தி, என் கையால் ஒரு பிடி ஊட்டச் சொல்வீர்களே! நேற்றும் ஊட்டினேன். தின்றுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு கிளம்பியது. துரை எனக்குத் தொப்பியைக் கழற்றினார்!

கொள்ளு ஏது என்று கேட்பீர்கள். தினமும் ஒரு பிடி ஊறப்போடும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. குதிரைக்கும் இந்த வாசல் மறக்கவில்லை.

இப்படிக்கு,
கவர்னர் வண்டியையே நிறுத்தியவள்