இடப்பக்கம் ஓர் அலுவல்

வீடியோ கேம் கொன்ரோலரின் ரப்பர் உறையைக் கழற்றியதும் முதலில் வந்தது மணம்தான். பழைய பாட்டா செருப்பும் முகப்பவுடரும் கலந்த மாதிரி ஒரு மணம். நீ எதற்கும் உறை போடுகிறவன். ரி.வி. றிமோட்டுக்குப் பொலித்தீன், போனுக்கு ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கவர், மோட்டார் சைக்கிள் இருக்கைக்குத் துவாய். அந்த வீட்டில் உறை இல்லாமல் திரிந்தது நீ மட்டும்தான் என்று உன் மனைவியிடம் ஒருமுறை பகிடி விட்டிருக்கிறேன். உறைக்குள்ளே, கைபிடியில், ஒரு சின்ன வட்ட ஸ்ரிக்கர் இருந்தது. அப்பிளில் ஒட்டி வருகிற ஸ்ரிக்கர். அதைக் கண்டதும் நான் கதிரையில் இருந்துவிட்டேன். அதை அங்கே ஒட்டியவன் நான்.

நீ போய் எட்டு மாதமாகிறது. கிணற்றடியில் முகம் கழுவக் குனிந்தவன் நிமிரவில்லை. மற்றது உனக்குத் தெரிந்ததுதான். போன கிழமை உன் மனைவி கொன்சோலையும் அதன் பெட்டியையும் இரண்டு கொன்ரோலர்களையும் ஒரு புடவைக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்து என்னிடம் தந்தாள்.

"அண்ணை, உதைப் பாக்கப் பாக்க எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. ஆரும் நல்ல ஆளாப் பாத்து வித்து விடுங்கோ. ஆனால் குறை இருந்தால் சொல்லி வில்லுங்கோ. இல்லாட்டி அவர் கனவிலை வந்து என்னைத்தான் பேசுவார்."

குறை பார்க்கத்தான் உறையைக் கழற்றினேன். நான் கந்தோரில் கோப்பெழுதுகிறவன், ஒரு தாளை எடுத்து ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு வைத்திருந்தேன். காற்றாடி சத்தம் போடும். டிஸ்க் வெளியே வர இரண்டு தரம் அமத்த வேண்டும். மூன்றாவது இலக்கத்துக்கு வந்தபோதுதான் அந்த ஸ்ரிக்கரைக் கண்டேன். இந்தக் கொன்ரோலரை நான் மூன்று வருடத்துக்கு முன் உடுப்பிட்டியில் ஒரு ரீச்சருக்கு விற்றிருந்தேன். அது உன் வீட்டில் இருக்க ஒரு நியாயமும் இல்லை.

கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்ததால் உனக்கு உலகமே சரக்குத்தான். பிஸ்கட் பக்கெற்றைக் காதோடு வைத்துக் குலுக்குவாய். "முந்தி ஒரு சத்தமும் வராது. இப்ப உள்ளுக்கை ஓடிப்பிடிச்சு விளையாடுதுகள்" என்பாய். சவர்க்காரக் கட்டி நடுவில் குழிந்து வரத் தொடங்கியதை எனக்குக் காட்டியவன் நீ. "விலை ஏத்தேல்லையாம். வயித்தை எக்கிக்கொண்டு நிக்குது, பார்." உன்னோடு கடைக்குப் போவது எனக்குப் பெரிய சோலி. அரை மணித்தியால வேலை அரை நாள் எடுக்கும்.

நெல்லியடியில் பல்ப் வாங்கினால் கடைக்காரர் ஹோல்டரில் போட்டு எரித்துக் காட்டித்தான் தருவார். அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நீதான் அந்த வழக்கத்தை எல்லாச் சாமானுக்கும் நீட்டினாய். இந்தக் கொன்சோலை வாங்க யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போன நாள் நினைவிருக்கிறதா?

"தம்பி, ஒருக்காப் போட்டுக் காட்டும்."

"அண்ணை, இது புதுச் சாமான். சீல் பண்ணின பெட்டி."

"பல்ப்பும் புதுசுதான். எரிச்சுக் காட்டித்தானே தாறியள்?"

பெட்டியை உடைத்தார்கள், வயரைப் பூட்டினார்கள், போட்டார்கள். நீ ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டு முதலாம் கட்டம் முடித்து இரண்டாம் கட்டத்துக்குப் போனாய். நடுவில் கரண்ட் நின்றது. சரி, இனி எழும்புவான் என்று பார்த்தால், "வரும், இருப்பம்" என்று சோடா வாங்கிக் குடித்தாய். நான் வெட்கத்தில் வாசலில் நின்று போகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து விளையாடி முடித்து, பிறகுதான் சேட்டுப் பையில் கை வைத்தாய்.

கேம் பற்றிய உன் கதையும் இதே தராசில்தான். நான் முகநூலில் விமர்சனம் எழுதி நட்சத்திரம் போடுகிறவன். கதை நன்று, வெளிச்சம் நன்று, இசை பரவாயில்லை என்று பந்தி பந்தியாக எழுதுவேன். நீ வாசிக்காமலே லைக் போட்டுவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு நான் உன் வீட்டுக்கு விளையாட வர, சண்டைக்கு நிற்பாய். "நூறு மணித்தியாலக் கேமாம். அதிலை எண்பது மணித்தியாலம் குதிரையிலை போறதும் பூப் பிடுங்கிறதும். பக்கெற்றுக்குள்ளை காத்து, மச்சான்." டிஸ்க் இல்லாமல் இணையத்தில் வாங்குவது உனக்கு அறவே பிடிக்காது. "அது வாங்கிறதில்லை, வாடகைக்கு இருக்கிறது. வீட்டுக்காரன் எழும்பு எண்டால் எழும்ப வேணும்." நான் காசு கட்டி வாங்கிய ஒரு கேம் போன மாதம் என் பட்டியலில் இருந்தே காணாமற் போய்விட்டது. நீ சொன்னது சரி என்று எழுத எனக்கு இன்னும் மனம் இல்லை. எழுதிவிட்டேன், போ.

நீ சொன்னதில் இன்னொன்றும் இப்போது அடிக்கடி வருகிறது. நான் நாலு நட்சத்திரம் போட்ட ஒரு கேமை நீ ஒரு கிழமை விளையாடிவிட்டுத் திருப்பித் தந்தாய். அமத்தினால் அரை நொடி கழித்துத்தான் அதில் ஆள் பாய்வான். நான் அதைக் கஷ்டமான கேம் என்று புகழ்ந்திருந்தேன். "கஷ்டமில்லை, மச்சான். விளையாடுறவனைத் தன்ரை கை சரியில்லை எண்டு நினைக்க வைக்கிற கேம் கள்ளக் கேம். பிழை அதிலை, பழி இவனிலை" என்றாய். உனக்கு விளையாடத் தெரியாது என்று நான் சிரித்தேன்.

இனி என் கதையைச் சொல்கிறேன். எனக்குப் புதுக் கொன்சோல் வேண்டியிருந்தது. உன்னுடையதின் அதே ரகமான என் பழையதை விற்க வேண்டும். அதன் கொன்ரோலருக்கு ஒரு வருத்தம் இருந்தது. இடது குமிழிலிருந்து பெருவிரலை எடுத்தால், திரையிலிருக்கிற ஆள் தானாகவே இடப்பக்கம் நடப்பான். கன கொன்ரோலர்களுக்கு வருகிற வருத்தம்தான். அதோடு, கவனமில்லாமல் நுளம்புத்திரிக்குப் பக்கத்தில் வைத்ததில் கைபிடியும் ஓரிடத்தில் சுட்டிருந்தது. சுட்ட இடத்தில் அப்பிள் ஸ்ரிக்கரை ஒட்டினேன். நடக்கிற வருத்தத்துக்கு ஒட்ட ஒன்றும் இருக்கவில்லை.

வாங்க ஆள் பிடித்துத் தந்ததும் நீதான். ரீச்சர் உன் சங்கக்கடை வாடிக்கை. ஒரே மகன் லண்டனுக்குப் படிக்கப் போயிருந்தான். "போனிலை சாப்பிட்டியோ, குளிருதோ எண்டு கேட்டுப்போட்டு ரெண்டு பேரும் பேசாமல் இருக்கிறம், தம்பி. சேந்து விளையாடினால் ஏதும் கதை வருமெல்லோ" என்று என்னிடம் சொன்னார். அவர் வந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கடையில் சரக்கு இருப்பெடுப்பு, நீ வரவில்லை. நான் போட்டுக் காட்டினேன். ஆள் ஓடினான், பந்து அடித்தான், எல்லாம் சரி. காட்டி முடியும்வரை நான் பெருவிரலை எடுக்கவில்லை.

பின்னேரம் நீ போன் எடுத்தாய். "போட்டுக் காட்டினியே?"

"ஓம்."

"குறை ஒண்டும் இல்லையே?"

"இல்லையடாப்பா."

அன்றைக்கு எனக்கு ஒரு கூச்சமும் வரவில்லை என்பதையும் எழுத வேண்டும். கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் உன் விளையாட்டு கெட்டது. சனிக்கிழமைகளில் நாங்கள் விளையாடுகிற கால்பந்துக் கேமில் உன் ஆட்கள் பந்தை விட்டுவிட்டு இடப்பக்கக் கோட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "டேய், உன்ரை ஆள் பருத்தித்துறை பஸ்ஸுக்கு ஓடுறான்!" நீ திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், "அவனுக்கு அங்கை ஒரு அலுவல் இருக்கு. நீ உன்ரை கோலைப் பார்" என்பாய். பிளேன்ரீ கொண்டுவந்த உன் மனைவியிடம் நான், "இவனுக்கு வயசு போட்டுது தங்கச்சி, கை நடுங்குது, ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றேன். அவள் சிரித்தாள். நீயும் சிரித்தாய். இரண்டு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு சனிக்கிழமையும் உறை இல்லாத கொன்ரோலரை என்னிடம் நீட்டி, "உனக்கு உறை பிடிக்காது, இதைப் பிடி" என்று சொல்லி, உறை போட்டதை நீ எடுத்தாய்.

போன ஞாயிறு உடுப்பிட்டிக்குப் போனேன். ரீச்சர் என்னைக் கண்டதும் உன் கதையைத்தான் எடுத்தார். நான் கேட்க முதலே எல்லாம் வந்தது.

"நான் மா வாங்கப் போகேக்கை சும்மா கேட்டவர், விளையாட்டு எப்பிடிப் போகுது ரீச்சர் எண்டு. எனக்கு உது சரிவராது, என்ரை ஆள் இடப்பக்கம் இடப்பக்கமாப் போறான், மகன் சிரிக்கிறான், எனக்குக் கை பழகேல்லை எண்டு சொன்னன். அண்டைக்குப் பின்னேரமே மழைக்குள்ளை வந்து நிக்கிறார். 'கொன்ரோலர் மாறி வந்திட்டுது ரீச்சர், இதுதான் உங்கடை' எண்டு தந்திட்டுப் பழசை வாங்கிக்கொண்டு போனவர். நீங்கள் மாத்திக் குடுத்துவிட்டதுக்கு உங்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லேல்லை, தம்பி."

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு எழும்பி வந்திருக்கலாம். உண்மையில் எழும்பினேன். பிறகு நின்றுகொண்டே சொன்னேன். "ரீச்சர், மாறி வரேல்லை. நான் தெரிஞ்சுதான் தந்தனான். மாத்தித் தந்தது அவன்தான், தன்ரையை. எனக்கே இப்பதான் தெரியும்."

அவர் கொஞ்ச நேரம் மேசைவிரிப்பைச் சரிசெய்தார். "அந்த ஒரு மாசமும் நான் யூரியூப் பாத்துப் பாத்து விரல் பழகினன், தம்பி. பேந்து மகனுக்குச் சொன்னன், அம்மாவுக்கு மூளை மங்குது போலை கிடக்கு, உதை விடுவம் எண்டு." கோப்பையை என் பக்கம் தள்ளினார். "தேத்தண்ணியைக் குடியும், ஆறப்போகுது" என்றார். குடித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, மச்சான். உன்னோடு கடைகடையாய்ப் போய்ப் பட்ட வெட்கம் எல்லாம் இதற்குக் காணாது. வெளிக்கிடும்போது, இப்போதும் மகனோடு விளையாடுகிறீர்களா என்று கேட்டேன். "ஓம், சனிக்கிழமையிலை. அவனை நான் வெல்லுறனான்" என்றார்.

எனக்கு உன்னில் கோபமும் இருக்கிறது. ஒரு பிஸ்கட் பக்கெற்றுக்காக நடுக்கடையில் நின்று சண்டை பிடிக்கிறவன், என்னை ஒருக்காப் பேசியிருக்கலாம். விசரா, ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை. ஆனால் கேட்டிருந்தால் நான் இல்லை என்று சாதித்திருப்பேன், ரீச்சரின் கையில்தான் பிழை என்றும் சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கும். அதனால்தானோ என்னவோ, எனக்கும் ஓர் உறையைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாய்.

நேற்று அந்தக் கொன்ரோலரோடு தனியே விளையாடிப் பார்த்தேன். ஓடும்போதெல்லாம் பெருவிரலால் வலப்பக்கம் கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் விரல் நொந்தது. கணினியோடு விளையாடியே நாலு கோல் வாங்கினேன். நீ இதைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் என்னை வென்றிருக்கிறாய். அப்போதும் நான் உன் அதிர்ஷ்டம் என்றுதான் சொன்னேன். உன் மனைவியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "அதுதானே பாத்தன், ஏன் இந்தாள் பெருவிரலுக்கு எண்ணெய் தேய்க்குது எண்டு" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். நான் முற்றத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

இன்றைக்குக் கொன்சோலை விற்றேன். சுன்னாகத்தில் இருந்து ஒரு தாதி வந்தாள். விடுமுறை நாளில் விளையாட என்று சொன்னாள். காற்றாடி சத்தம் போடும், டிஸ்க் வர இரண்டு தரம் அமத்த வேண்டும் என்று தாளைப் பார்த்து வாசித்தேன். இரண்டாம் கட்டம் வரை போட்டுக் காட்டினேன். பிறகு கொன்ரோலரை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்தேன். ஆள் நின்ற இடத்திலேயே நின்றான்.

"காணும் அண்ணை, நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு கொன்ரோலர் எண்டெல்லோ போட்டிருக்கு. மற்றது எங்கை?"

"மற்றது பழுது. இடப்பக்கம் இழுக்கும். அது விக்கிறதுக்கில்லை."

அவளுக்கு உன் விபரம் சொல்லியிருந்தேன். குரலைத் தணித்துக் கேட்டாள். "செத்துப்போன அந்த அண்ணையின்ரையோ?"

"இல்லை" என்றேன். "அது என்ரை."